சயனைடு மேட்டில் முளைத்த புல்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் பக்கத்து லைனில் பதினோரு வீடுகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த பாக்கியவதியிடம் யாரும் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. சொன்னால், கையிலிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டுச் சொன்னவரின் முகத்தைப் பார்ப்பாள். டாக்டர் சொன்னாலும் அப்படித்தான், சம்பந்தி சொன்னாலும் அப்படித்தான். மகள் மாலாவைப் பெண் கேட்டு வந்த குடியாத்தம்காரர்கள், "பையனுக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லைங்க" என்றார்கள். இரண்டு நாள் கழித்து இவளே பஸ் ஏறிக் குடியாத்தம் போனாள். பையன் வீட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருந்தவளிடம் அரை நாள் உட்கார்ந்து பேசிவிட்டு வந்த பிறகுதான் சம்மதம் சொன்னாள்.

நந்திதுர்க் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. பூமிக்கடியில் பாறை தானாக வெடித்துச் சரிவதை அங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். வெடித்தால் மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருளும். பெண்கள் போட்டது போட்டபடி சுரங்கத்துக்குள் இறங்கும் சாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். கேட்டில் நிற்கும் ஆள், "ஒண்ணும் இல்லம்மா, வூட்டுக்குப் போங்க" என்பான். அம்மாவின் கையைப் பிடித்தபடி பாக்கியவதி அதை இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அப்பா ஷிஃப்ட் முடிந்து நடந்தே வந்தார். மூன்றாவது முறை அவளுக்கு ஒன்பது வயது. அதே ஆள், அதே குரலில் அதையே சொன்னான். அப்பாவை மறுநாள் மத்தியானம் கேஜ் கூண்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், முகத்தை மூடி.

அதற்குப் பிறகு அவள் வளர்ந்ததெல்லாம் சந்தேகத்தோடுதான். பேத்தமங்கலத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீரை முகர்ந்து பார்த்துத்தான் குடத்தில் பிடிப்பாள். ஆடிக் காற்றில் சயனைடு மேட்டுத் தூசி லைனுக்குள் புகுந்தால், மற்ற வீடுகளில் ஒரு வேளைக்கு வாசலில் ஈரக் கோணி கட்டுவார்கள். அவள் மாதம் முழுக்கக் கட்டி வைத்து, நாளுக்கு நான்கு முறை நனைப்பாள். அந்த மேட்டு மாவை அள்ளிவந்து பித்தளைப் பாத்திரம் விளக்குவது லைன் பெண்களின் வழக்கம். பாத்திரம் புதுசு போல மின்னும். பாக்கியவதி மட்டும் சாம்பலும் புளியும்தான். அதனால் புத்த பூர்ணிமா அன்று பாயசம் ஊற்ற எல்லாரும் பாத்திரம் எடுத்து வரும்போது, இவள் வீட்டு அண்டா மட்டும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த மேட்டின் மேல் அவளுக்கு ஒரு வகையில் மரியாதை இருந்தது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த தண்ணீரில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சேற்றைக் குழாயில் கொண்டுவந்து கொட்டிக் கொட்டியே வளர்ந்த மேடு அது. அவளுடைய தாத்தா காலத்திலிருந்து மொட்டையாக நின்றது. ஒரு பூண்டு கிடையாது, எறும்பு கிடையாது, காக்கை கூட உட்காராது. தான் விஷம் என்பதை அது ஒளிக்கவில்லை. கேட்டு ஆளைப் போல "ஒண்ணும் இல்ல" என்று சொல்லவில்லை.

அப்படி நின்ற மேட்டில், 1999 ஆவணி மழைக்குப் பிறகு, கிழக்குச் சரிவில் புல் முளைத்தது.

முதலில் ஏதோ பாசி என்றார்கள். பதினைந்து நாளில் கணுக்கால் உயரம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டு வால்டர் கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எட்டு ஆடு வைத்திருந்தார். அவருக்குத்தான் அதிக சந்தோஷம்.

"கர்த்தர் பாலைவனத்தையே பூக்க வைக்கிறவரு. இந்த மேடு அவருக்கு இன்னாம்மா பெரிசு?" என்றார்.

"முளைக்க வச்சது கர்த்தரா வேற யாரான்னு எனக்குத் தெரியாது அண்ணா. தொண்ணூறு வருஷமா முளைக்காதது இப்ப இன்னாத்துக்கு முளைக்குது?"

"முளைச்சா சந்தோஷப்படு. கேள்வி கேக்குற."

புருஷன் பெருமாளிடம் கேட்டாள். அவன் பாறை அரைக்கும் மில்லில் பைப் லைன் ஆள். மில்லிலிருந்து மேட்டுக்குச் சேறு போகும் குழாயோடு கூடவே நடந்து, மரச் சுத்தியால் தட்டித் தட்டி, சத்தத்தை வைத்து உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். முப்பது வருடமாக அதே வேலை. அந்த மேட்டைப் பற்றி அவனைவிடத் தெரிந்தவர் லைனில் கிடையாது.

"ஒண்ணும் இல்ல. மழை ஜாஸ்தி" என்றான் பெருமாள்.

அவள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் செருப்பைத் தேடப் போனான்.

அந்த ஐப்பசியில் மாலாவுக்குப் பிரசவம். பாக்கியவதி பத்து நாள் குடியாத்தத்தில் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். மாடு பளபளவென்று இருந்தது. கன்று துள்ளியது. காலையில் பெருமாள் கறந்து வைத்திருந்த பால் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். கெட்டியாக இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு சாணியைப் பார்த்தாள்.

ஒன்பது வருடமாக அந்த மாடு தின்றது கேவறு, அதாவது ராகியின் காய்ந்த தட்டை. பேத்தமங்கலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்ரீநிவாஸ் என்கிற விவசாயி மாட்டு வண்டியில் கொண்டுவந்து போடுவார். காய்ந்த தட்டை தின்ற மாட்டின் சாணி எந்த நிறத்தில், எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது, வரட்டி தட்டித் தட்டி அவள் கைக்கே தெரியும். இது பச்சையாக, இளகி இருந்தது.

"இன்னாங்க, மாடு இன்னா தின்னுச்சு?"

"தீனிதான். வேற இன்னா தின்னும்?"

"ஸ்ரீநிவாஸ் வண்டி வந்துச்சா?"

பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "நீ போன மறுநாளே தட்டை தீந்துபோச்சு. அவங்க ஊர்ல யாரோ செத்துட்டாங்கன்னு அவன் வரல. வால்டர் அண்ணன் ஆட்டோட ஓட்டிக்கினு போறேன்னாரு. சரின்னேன்."

"எங்க ஓட்டிக்கினு போனாரு?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். பதில் தேவையில்லை. கொட்டகை வாசலில் நின்றாலே கிழக்குச் சரிவு தெரியும்.

"எத்தினி நாளு?"

"எட்டு நாளு."

"எட்டு நாளும் பாலை ஊத்துனீங்களா? பதினோரு வூட்டுக்குமா?"

"ஊத்தாம? பால் நல்லாக்கீதுன்னு நாகம்மாக்கா கூடச் சொன்னாங்க."

பாக்கியவதி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நாகம்மா நினைவு வரவில்லை. நாகம்மாவின் மருமகள் ராதாவின் குழந்தை ஸ்வப்னாதான் நினைவுக்கு வந்தது. பதினோரு மாதம். தாய்ப்பால் போதாமல் ஆறாம் மாதத்திலிருந்தே இவள் வீட்டுப் பாலில் வளர்கிற குழந்தை. எட்டு நாள். காலையும் சாயங்காலமும்.

அன்று சாயங்காலம் அவள் யார் வீட்டுக்கும் பால் ஊற்றவில்லை. மறுநாளும் ஊற்றவில்லை. "மாட்டுக்கு மடி சரியில்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கறந்த பாலைக் கொட்டகைக்குப் பின்னால் பள்ளம் தோண்டி ஊற்றினாள். உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. எட்டு நாள் குடித்த பாலைப் பற்றி, இன்னது என்று தெரியாமல், ஒரு தாயிடம் என்னவென்று போய்ச் சொல்வது?

லைனில் ஒருவரை ஒருவர் நம்பாமல் இருப்பதற்கு அவள் மட்டும் குத்தகை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் குழாயடியில் நாகம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"மடி சரியில்லையாம். கன்னுக்குட்டி மட்டும் குடிச்சிட்டு குஸ்தி போடுது. ஆண்டர்சன்பேட்டை டீக்கடைக்குப் போவுதாம்மா பாலு. நமக்கு ஊத்துனா கட்டுமா?"

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்றாள் பாக்கியவதி.

"யாராவது சொல்லணுமா? கண்ணு இல்லையா எங்களுக்கு?"

வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்ததும் பெருமாளிடம் சொன்னாள்: "இன்னா பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. அந்தப் பால்ல விஷம் கீதா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வால்டர் குரல் கொடுத்தார். "என் எட்டு ஆடும் அத்தத்தாம்மா ரெண்டு மாசமா மேயுது. ரெண்டு குட்டி வேற போட்டுக்கீது. எதுனா ஆச்சா?"

"ஆட்டை நீங்க ரெண்டு வருஷத்துல வெட்டிடறீங்க அண்ணா. உடம்புக்கு இன்னான்னு அதுக்குத் தெரியறதுக்குள்ள பிரியாணி ஆயிடுது. புள்ளைங்க அறுபது வருஷம் இருக்கணும்."

வால்டர் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மில்லின் டெஸ்டிங் ரூமில் மஞ்சுநாத் என்று ஒருவர். வீட்டில் பேசுவது கன்னடம், மில்லில் பேசுவது தமிழ். தொட்டியில் இருக்கும் தண்ணீரில் எவ்வளவு சயனைடு இருக்கிறது என்று ஷிஃப்டுக்கு நான்கு முறை பார்ப்பதுதான் அவர் வேலை. பெருமாள் கெஞ்சியதன் பேரில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சாப்பாட்டு டப்பாவுக்குள் ஒரு சின்ன பாட்டிலும் சொட்டு விடும் குழாயும் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். லைனில் எதுவும் ரகசியமாக நடக்காது. அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் வேலியோரம் நாகம்மா, ராதா, வால்டர் எல்லாரும் நின்றார்கள். பாக்கியவதிக்கு அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மாடு எங்கே மேய்ந்தது, ஏன் பாலை நிறுத்தினாள் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். ராதா இடுப்பிலிருந்த குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

பாக்கியவதி ஒரு டம்ளர் பாலை நீட்டினாள்.

மஞ்சுநாத் சிரித்துவிட்டார். "அக்கா, இந்த மருந்தைச் சொட்டு விட்டா தண்ணி வெள்ளையா கலங்கும். அத்தப் பாத்துத்தான் கண்டுபிடிக்கறது. பால்ல போய் எந்த வெள்ளையைத் தேடறது?"

அதனால் புல்லைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. வால்டர் போய் ஒரு கட்டுப் புல்லை வேரோடு பிடுங்கி வந்தார். அதைக் கசக்கி, வாளித் தண்ணீரில் அலசி, துணியில் வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் ஊற்றினார்கள். மஞ்சுநாத் ஒரு சொட்டு விட்டார். டம்ளருக்குள் அரிசி கழுவிய தண்ணீர் போல வெள்ளை பரவியது.

"ஐயோ, கலங்கிப்போச்சே!" என்றாள் நாகம்மா.

"கலங்கினா நல்லது. கேளுங்க. சயனைடு இருந்தா இந்த மருந்தை அது முழுங்கிடும். தண்ணி தெளிவாவே நிக்கும். முழுங்கறதுக்கு அது இல்லாததால முதல் சொட்டுலயே கலங்கிடுச்சு. சயனைடு இல்ல. அவ்வளோதான்."

பாக்கியவதி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெளிந்தால் விஷம், கலங்கினால் நல்லது. அவளுடைய நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையில் இப்படி ஒரு நியாயத்தைக் கேட்டதில்லை. உள்ளே போய்ப் பித்தளைச் சொம்பில் ஏதோ எடுத்து வந்தாள்.

"இதுல விடுங்க."

"இது இன்னா?"

"மழைத் தண்ணி. நேரா வானத்துலேந்து அண்டாவுல புடிச்சது. இதுவும் கலங்கணும் இல்ல?"

மஞ்சுநாத் சொட்டு விட்டார். கலங்கவில்லை. இன்னொரு சொட்டு. தண்ணீர் கண்ணாடி போல நின்றது.

"அப்ப வானத்துலயே சயனைடு ஊத்திட்டானுங்களா!" என்று வால்டர் உரக்கச் சிரித்தார். மஞ்சுநாத்தின் காது சிவந்துவிட்டது.

"சும்னே இருங்க சார். கலங்கணும்னா தண்ணில கொஞ்சம் உப்பு இருக்கணும். மழைத் தண்ணில அது இல்ல. அதுக்குத்தான் இன்னொரு மருந்து சேத்து விடுவோம். அந்த பாட்டிலை மறந்துட்டு வந்துட்டேன். ஆனா அக்கா, கலங்கினது கலங்கினதுதான். புல்லுல சயனைடு இல்ல. என் புள்ளை மேல சத்தியம்."

"சயனைடு இல்ல, சரி. வேற எதுனா இருந்தா?"

"வேற இன்னா?"

"பாறைக்குள்ள தங்கம் மட்டும்தானா இருந்துச்சு? அரைச்சுக் கொட்டனதுல வேற எதுவும் இல்லையா?"

மஞ்சுநாத் பாட்டிலை மூடி, டப்பாவுக்குள் வைத்தார். "இருக்கலாம் அக்கா. இருக்கும். அதுக்கு எங்க ரூம்ல மருந்து இல்ல. நாங்க பாக்கறது இது ஒண்ணுதான்."

அவர் மறைக்காமல் சொன்னதே அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"என் தாத்தா காலத்துலேந்து இருந்த சயனைடு எங்க போச்சு?"

"வெயில் தின்னுடும் அக்கா. புதுசா கொட்டாம விட்டா ரெண்டு வருஷத்துல மேல இருக்கறது போயிடும். அந்தப் பக்கம் கொட்டறதை நிறுத்தி மூணு வருஷம் ஆச்சே."

"மூணு வருஷமா?"

மஞ்சுநாத் பெருமாளைப் பார்த்தார். பெருமாள் தரையைப் பார்த்தான். அதற்கு மேல் இருப்பது நல்லதில்லை என்று மஞ்சுநாத்துக்குப் புரிந்து, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். வேலியோரம் நின்றவர்களும் கலைந்தார்கள்.

"தெனம் சுத்தியை எடுத்துக்கினு எங்க போறீங்க?" என்றாள் பாக்கியவதி.

"பைப் லைனுக்குத்தான்."

"அதுலதான் ஒண்ணும் வரலையே."

"வரலைன்னாலும் நடக்கணும் இல்ல? ஹாஜர் போடறாங்க. போய் நடந்துட்டு வரேன். தட்டினா டங்கு டங்குன்னு காலி டப்பா மாதிரி கத்துது." வாசற்படியில் உட்கார்ந்தான். "மில்லுல கல்லே வரல பாக்கியம். வாரத்துல ரெண்டு நாள் அரைச்சா பெரிசு. இந்தப் பக்கத்துக் குழாய்க்கு அனுப்பச் சேறு எங்க இருக்குது? மூடப் போறாங்க. இன்னிக்கா நாளைக்கான்னு தெரியாது. அதான் புல்லு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்ட."

இப்போது பாக்கியவதி கிழக்குச் சரிவைப் பார்த்தாள். காற்றில் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மற்றவர்களுக்குப் பச்சையாகத் தெரிந்தது, அவளுக்கு மூடிய மில்லாகத் தெரிந்தது. மில் போனால் லைன் வீடு இருக்குமோ இருக்காதோ. மிஞ்சுவது இந்த மாடும் பதினோரு வீட்டு வாடிக்கையும்தான். அந்த மாட்டின் பாலைத்தான் ஊற்றலாமா கூடாதா என்று இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஊற்றலாம் என்று நினைப்பது அன்று ரொம்ப சுலபமாக இருந்தது. டெஸ்டிங் ரூம் ஆளே சத்தியம் செய்துவிட்டார். எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். மாட்டைக் கொட்டகையிலேயே கட்டிப்போட்டுவிட்டாள். அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிய தட்டைதான் தின்கிறது. மறுநாள் காலை பால் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வீடு வீடாக, மாடு எட்டு நாள் எங்கே மேய்ந்தது என்று சொல்லி, வேண்டுமா என்று கேட்டாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "அட, அந்த மேட்டுத் தூசியைத் தின்னே வளர்ந்தோம், போக்கா" என்று பாத்திரத்தை நீட்டினார்கள். நாகம்மா கூட, டீக்கடைப் பேச்சையெல்லாம் மறந்தவளாக, சொம்பை எடுத்துவந்தாள்.

சொம்பில் ஊற்றிவிட்டுப் பாக்கியவதி உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ராதா, இது உன் மாமியாருக்கும் உனக்கும் வச்சிக்கோ. குழந்தைக்கு மட்டும் ஒரு மாசம் வேணாம். பாக்கெட் பால் வாங்கிக் குடு."

ராதா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தாள். பி.யூ.சி. படித்தவள், பெங்களூரில் வளர்ந்தவள். கணவனுக்கு வேலை, பக்கத்திலிருக்கும் பெரிய எஞ்சினியரிங் தொழிற்சாலையில். அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

"ஏன்க்கா? பால் நல்லாக்கீதுன்னு தானே கொண்டாந்திருக்கீங்க?"

"நல்லாத்தான் கீது."

"நல்லாக்கீதுன்னா ஸ்வப்னாவுக்கும் ஊத்துங்க. நல்லா இல்லைன்னா எங்க அத்தைக்கும் ஊத்தாதீங்க. வயசானவங்கன்னா பரவால்லையா? ரெண்டு வீடு தள்ளி மம்தா மாசமா இருக்கா. அவளுக்கு ஊத்திட்டுத்தானே வரீங்க?"

மம்தாவின் வீட்டு அடுப்பில் இந்நேரம் அந்தப் பால் காய்ந்துகொண்டிருக்கும். நாகம்மா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, குடிப்பதா கொட்டுவதா என்று மருமகளையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று அவள் மீதிப் பாலோடு திரும்பி வந்தாள். மறுபடியும் பாலை நிறுத்தினாள். இந்த முறை விலையேற்றத்துக்காக நாடகம் ஆடுகிறாள் என்று லைனில் பேச்சு வந்தது. காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் மாட்டின் கண்ணை இழுத்துப் பார்ப்பாள், கன்றின் மூக்கைத் தொட்டுப் பார்ப்பாள். என்ன தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த வாரம் ஸ்ரீநிவாஸ் வந்தார். வண்டி நிறையக் கேவறுத் தட்டை. அவர் பேசுவது தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. சமாச்சாரம் வரும் வழியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"ஏமம்மா, மாட்டை நான் ஓட்டிக்கிட்டுப் போறேன். எங்க கொல்லையில நிக்கட்டும். நல்ல விலை தரேன்."

"அது மேட்டுப் புல்லு தின்ன மாடு. தெரியும் இல்ல?"

"தெரியும். அதுக்கின்னா?"

"பின்னாடி எதுனா ஆச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது. அதான் முன்னாடியே சொல்றேன்."

ஸ்ரீநிவாஸ் தட்டைக் கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். "அம்மா, நீங்க மேட்டைப் பாத்து பயப்படறீங்க. எங்க தக்காளித் தோட்டத்துக்கு வந்து பாருங்க. வாரத்துல ரெண்டு தரம் மருந்து அடிக்கறோம். அடிக்கறவன் மூக்குல துணி கட்டிக்கிறான். மூணாம் நாளு பறிச்சு லாரியில ஏத்தறோம். இங்க சந்தையில நீங்க அத்தைத்தானே வாங்கி ரசம் வைக்கறீங்க? உங்களுக்கு எதுனா ஆச்சா?"

பாக்கியவதி சிரிக்கவில்லை. "தக்காளிக்குச் சரி. ராகிக்கும் அடிக்கறீங்களா?"

"ராகிக்கு எதுக்கம்மா? அது தானா வரும்."

"தக்காளித் தோட்டம் எங்க? ராகிக் கொல்லை எங்க?"

"பக்கத்துலதான். நடுவுல ஒரு வரப்பு." அவர் ஒரு தட்டையை உருவி ஒடித்தார். "காத்துல வரும்தான். காத்துக்கு வரப்பு தெரியுமா?"

அவர் உட்கார்ந்திருந்த தட்டைக் கட்டை அவள் பார்த்தாள். ஒன்பது வருடமாக, எதையும் நம்பாதவள், இந்த ஒன்றை மட்டும் முகர்ந்து பார்க்காமல் வாங்கிப் போட்டிருக்கிறாள். ஊரிலிருந்து வருவது, மண்ணில் விளைந்தது என்பதற்காக.

"மாட்டைக் குடுக்கல. தட்டையை இறக்குங்க" என்றாள்.

"ஏம்மா? அதுக்கும் இப்ப சந்தேகம் வந்துடுச்சே உங்களுக்கு?"

"வந்துடுச்சு. அதுக்காக மாட்டைப் பட்டினி போட முடியுமா?"

மாட்டை அவர் வீட்டுக்கு அனுப்பினால், அந்தப் பால் அவர் ஊரில் யாரோ ஒரு குழந்தைக்குத்தான் போகும். அங்கே யாரும் வீடு வீடாகப் போய், மாடு என்ன தின்றது என்று சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் கலங்கித்தான் கிடந்தது.

அன்று சாயங்காலம் கறந்த பாலைப் பள்ளத்தில் ஊற்றவில்லை. காய்ச்சி, ஒரு டம்ளர் தனக்கும் ஒரு டம்ளர் பெருமாளுக்கும் ஊற்றினாள். மாடு வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் டீக்குத் தவிர பால் எடுத்ததில்லை. பெருமாள் டம்ளரை வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"இன்னா பாக்கியம், டெஸ்டிங் ரூம் நம்ம வூட்டுக்கே வந்துடுச்சா?"

"குடிங்க. மில்லுல முப்பது வருஷம் மூச்சு இழுத்தீங்களே, அதைவிடவா?"

இருபது நாள் இருவரும் குடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இருபத்தோராம் நாள் காலை கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, முன்பு மேட்டுப் புல் தின்றது, இப்போது தின்பது ராகித் தட்டை, அது தக்காளித் தோட்டத்தை ஒட்டிய கொல்லையில் விளைந்தது, தானும் புருஷனும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று ஒப்பித்தாள். மூன்று வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார்கள். ஆறு வீட்டில், இவள் பேசி முடிப்பதற்குள் அலுத்துப்போய்ப் பாத்திரத்தை நீட்டினார்கள். மம்தா மட்டும் கடைசி வரை கேட்டுவிட்டு, "பிரசவம் ஆகட்டும்க்கா, அப்பால பாக்கலாம்" என்றாள். அது சரியென்று பாக்கியவதிக்கும் பட்டது.

நாகம்மா வீட்டு வாசலில் ராதாதான் வந்தாள். முழுவதையும் கேட்டாள். தக்காளித் தோட்டத்தை ஒரு முறை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"நீங்க குடிக்கறீங்களாக்கா?"

"குடிக்கறேன்."

"நம்பிக்கிட்டா?"

"இல்ல. நம்பல. குடிக்கறேன்."

ராதா உள்ளே போனாள். நாகம்மாவின் பெரிய சொம்பை எடுக்கவில்லை. ஒரு சின்ன டம்ளரை எடுத்துவந்து நீட்டினாள். "எனக்கு மட்டும். அவளுக்குக் கேவறுக் கஞ்சி காய்ச்சிக்கறேன்."

பாக்கியவதி கேனைச் சாய்த்தவள், நிறுத்தினாள். "கேவறு எங்க வாங்கின?"

ராதா அவளைப் பார்த்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கேவறு மாவு இருந்த டப்பாவை எடுத்துவர உள்ளே போனாள்.